சாச்சா உருக்கும் ஈயம்

ஏறாவூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகள் சஹ்லா எழுதுகிறேன். அங்கே கட்டாரில் முதுகில் அடிபட்டு வேலைக்குப் போகாமல் அறையிலேயே இருக்கிறீர்கள். இப்போது வலி குறைந்திருக்கிறதா? உம்மா தூங்கிவிட்டார். பின்வளவில் உங்கள் தம்பி, சாச்சா வீட்டிலும் விளக்கு அணைந்துவிட்டது. போனில் பேசினால் உம்மா பக்கத்தில் இருப்பார். அதனால்தான் கடிதம். நாளை கட்டாருக்குத் திரும்பும் என் சிநேகிதி றஸீனாவின் மாமா இதைக் கொண்டுவருவார்.

தம்பி அப்ஹாமுக்குப் பூச்சித் தொல்லை என்று உம்மா சொன்னது சரியில்லை. இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். சோறு இறங்குவதில்லை. நன்றாகத் தெரிந்த சொற்களைக்கூட மறக்கிறான்.

சாச்சா வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது உங்களுக்குத் தெரியும். முன்பு ஈயத்தைக் கடையில் வாங்கினார். இப்போது பழைய ஆட்டோ பற்றரிகளைக் கிணற்றடியில் உடைத்துத் தகடுகளை உருக்குகிறார். வெறுமையான பற்றரிப் பெட்டிகளில் மண் நிரப்பி உம்மா கீரை போட்டிருக்கிறார். அதைத்தான் தம்பிக்குக் கடைந்து கொடுக்கிறோம்.

வாப்பா, பற்றரிக்குள் ஈயம் இருக்கிறது என்று சாச்சாவுக்குச் சொன்னது நான்தான். விஞ்ஞானப் பாடத்தில் படித்தோம். நூற்றறுபது வருஷத்துக்கு முன் பிரான்ஸில் ஒருவர் ஈயத் தகடுகளை அமிலத்தில் வைத்துப் பார்த்தாராம். ஒரு தகட்டில் ஈயம், மற்றதில் ஒட்சிசன் சேர்ந்த ஈயவீரொட்சைட்டு. மின்சாரம் தரத் தர இரண்டும் ஈயசல்பேற்றாகும், சார்ஜ் பண்ணினால் பழையபடி மாறும். இன்றைய ஆட்டோவிலும் அதே பற்றரிதான். இதையெல்லாம் பெருமையாக வந்து சொன்னேன். "படிச்ச புள்ள ஒண்டு ஊட்டுல இரிக்கோணும்" என்று சாச்சா சிரித்தார். மறுநாளே நாலு பற்றரி வந்தன. அந்தத் தூள் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பது பாடத்தில் இருக்கவில்லை.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர், வீட்டில் பற்றரி உடைக்கிற வேலை ஏதும் நடக்கிறதா என்று கேட்டார். உம்மா உடனே இல்லை என்றார். நானும் குனிந்து தம்பியின் செருப்பை மாட்டினேன். வெளியே வந்ததும் உம்மா, "சாச்சா இல்லாட்டி நம்மட அடுப்பு எரியாது, வாயப் பொத்திக்கிட்டு இரி புள்ள" என்றார்.

சாச்சா கெட்டவர் இல்லை. வேலை முடிந்ததும் கையை உடுத்திருக்கும் சாரத்தில் துடைத்துவிட்டு, தம்பியை மடியில் வைத்து ஊட்டுவார். அவன் சாப்பிடாவிட்டால் அவரும் சாப்பிடாமல் எழும்பிவிடுவார். இது தெரிந்தால் அவர் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

புதன்கிழமை மறுபடி கிளினிக். அதற்குள் உம்மாவுக்குப் போன் எடுத்து, டொக்டரிடம் உண்மையைச் சொல்லி, தம்பியின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கக் கேட்கும்படி சொல்லுங்கள். உம்மா கேட்காவிட்டால் நானே டொக்டரிடம் சொல்லிவிடுவேன்.

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். புதன்கிழமைக்குப் பிறகு இந்த வளவில் யாரும் என்னோடு பேசாவிட்டால், நீங்களாவது பேசுங்கள் வாப்பா.

உங்கள் மகள்,
சஹ்லா