உன் பெயரில் என் தலை

செல்லூர், மதுரை
28.1.2024

என் செல்லத் தங்கை பவதாரிணிக்கு,

அக்கா சுபலட்சுமி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். நீ சுகமென்று உன் கைப்பட எழுதி வந்தால்தான் நம்புவேன். கேம்ப்பில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகூடவா ஐந்து நிமிடம் தரமாட்டார்கள்? பாக்ஸிங் சொல்லித் தருகிறார்களா, ஜெயிலில் போட்டிருக்கிறார்களா?

அப்பாவுக்கு முதல் வருஷத் திதி போன வாரம் முடிந்தது. மேலூரிலிருந்து சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். நீ அனுப்பிய சந்தன மாலையைத்தான் அப்பா படத்துக்குப் போட்டோம். நீ இல்லாததுதான் குறை.

நீ சொன்னபடி கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய், உன் ஆதாரைக் காட்டி, உன் பாக்ஸிங் லைசென்ஸுக்காக உன் பெயரில் என் தலையை ஸ்கேன் எடுத்துவிட்டேன். மூடின மிஷினுக்குள் படுத்தால் மூச்சு முட்டும் என்று நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சின்ன வயதிலேயே கதவைச் சாத்தினால் நீ அழுவாய். எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அந்த மிஷின் போடுகிற சத்தம் நம் வீட்டுத் தறிச் சத்தத்தில் பாதிகூட இல்லை, கண் அயர்ந்துவிட்டேன். இது தப்பில்லையா என்று உன் மச்சானைக் கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த தலைதானே. எது போனா என்ன, அவனுகளுக்குத் தெரியவா போகுது?" என்கிறார். எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

டிசம்பர் போட்டியில் நாலாவது ரவுண்டில் விழுந்தாயே, அந்தத் தலைவலி போய்விட்டதா? மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
சுபா


புனே
20.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரிப்போர்ட் வந்தது, லைசென்ஸையும் புதுப்பித்தாகிவிட்டது. உன் தலைக்கு ஒரு கும்பிடு.

பாங்காக் போட்டியில் தோற்றுவிட்டேன். ஐந்தாவது ரவுண்டில் நடுவர் நிறுத்திவிட்டார். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அந்த ஊர்ப் பெண்ணுக்கு அது பத்தாவது வெற்றி. அவளுக்கு வெற்றிக் கணக்கு ஏறத்தான் என்னைப் போன்றவர்களை டிக்கெட் போட்டுக் கூப்பிடுகிறார்கள், அது தெரிந்தேதான் போகிறோம். ஆனால் மூன்றாவது ரவுண்டில் என் இடது கைக்கு அவள் முழங்கால் மடங்கியது, அக்கா. அந்த ஒரு நொடிக்காக இன்னும் பத்து வருஷம் இந்த வறட்டுச் சப்பாத்தியைத் தின்னலாம்.

தொண்ணூறு நாள் சண்டை போடக்கூடாது என்று ரிங் டாக்டர் எழுதிவிட்டார். அது முடிந்ததும் புது ஸ்கேன் கேட்பார்கள். ஜூன் மாதம் இன்னொரு தடவை போய்ப் படுத்துக்கொள். உனக்கும் தறிக்குப் போகாமல் அரை மணி நேரத் தூக்கம் கிடைத்த மாதிரி இருக்கும். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் பவா


செல்லூர்
26.4.2024

பவாவுக்கு,

அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குக் கூட்டத்தில் ராஜபாண்டி அண்ணனைப் பார்த்தேன். உனக்குப் போட்டி பிடித்துத் தருகிற மேனேஜர் என்று மரியாதைக்கு நின்று பேசினேன். அவர் கேட்கிறார்: "ஏம்மா, ஒந் தங்கச்சி தண்ணி கிண்ணி போடுதா? நேத்துக்கூட போன்ல பேசுச்சு. நாக்கு கொழறுது. சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கு."

அப்படியானால் போன் உன்னிடம்தான் இருக்கிறது. மூன்று மாதமாக என்னிடம் மட்டும்தான் பேசவில்லை. சாமியைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ குடிப்பவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்கேனுக்கு நீ ஏன் போகவில்லை? மூச்சு முட்டும் என்கிற கதையெல்லாம் வேண்டாம். உள்ளதைச் சொல்.

சுபா


புனே
6.5.2024

அக்கா,

உன்னிடம் போனில் பேசினால் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எழுதும்போது நிறுத்தி நிறுத்தி எழுதலாம், அடித்துத் திருத்தலாம், நாக்குக்கு அப்படி முடிவதில்லை. காலையில் நன்றாகத்தான் பேசுகிறேன். சாயங்காலம் ஆனால் வார்த்தை தடிக்கிறது. டிசம்பரில் விழுந்த பிறகு இங்கே ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போனேன். மூளையில் தழும்பு இருக்கிறது, இதோடு நிறுத்திக்கொள் என்றார். அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உனக்கு எழுதினேன். உன்னை ஏமாற்றியது தப்புதான். திட்டிக்கொள்.

ஆனால் இதையும் கேள். ஜூலையில் துபாயில் எட்டு ரவுண்டு, பெல்ட்டுக்கான போட்டி. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது என்று என்னை அழைத்திருக்கிறார்கள். எதிரே வருகிறவளுக்கு இடது பக்கக் காவல் கிடையாது. எனக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. படிப்பில்லை, கல்யாணம் வேண்டாமென்று விட்டேன், இந்த இரண்டு கையைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? அப்பா என்னைப் பாக்ஸிங் பழக ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு அனுப்ப மறுத்தபோது, ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து என்னை அனுப்பி வைத்தவள் நீ. பாதியில் திரும்பி வரவா அனுப்பினாய்?

இந்த ஒரு போட்டி. அப்புறம் நீ சொன்னபடி கேட்கிறேன்.

பவா


செல்லூர்
19.6.2024

பவா,

போய் வந்துவிட்டேன். ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது.

பத்து நாள் தூங்கவில்லை. மாட்டேன் என்று மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் மச்சான், "இந்தத் தடவ வேணாம் சுபா, புள்ள உசுரு சம்பந்தப்பட்டது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இதுதான். மாட்டேனென்றால் வேறு யாரையாவது பிடித்து அனுப்புவாய், எனக்கு எழுதுவதையும் விட்டுவிடுவாய் என்று பயந்தேன்.

செல்வி பவதாரிணி என்று பெயர் கொடுத்திருக்கிறதே, தாலியையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனேன். போன தடவை அங்கே போய்த்தான் கழற்றினேன், யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தடவை முருகம்மாள் என்று ஒரு நர்ஸ் என் காலைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகலைன்னு எழுதியிருக்கு, வெரல்ல மெட்டித் தடம் கெடக்கே?" என்று கேட்டாள். விட்டுப் பிரிந்து வந்துவிட்டேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்து, "விடுங்க, ஒங்களுக்கு நல்லதே நடக்கும்" என்றாள். வீட்டில் மனுஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், நான் அங்கே படுத்துக்கொண்டு இப்படி ஒரு பொய்.

உனக்காகச் செய்தேன். இனி ஒருபோதும் கேட்காதே.

சுபா


புனே
24.7.2024

என் தங்க அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டேன், அக்கா. எட்டு ரவுண்டும் நின்று ஜெயித்தேன். ஆறாவது ரவுண்டில் அவள் வலது கை என் காதோரம் விழுந்து, கொஞ்ச நேரம் சத்தமே கேட்கவில்லை. ஆனாலும் விழவில்லை. கையைத் தூக்கிக் காட்டினபோது என் பெயரோடு மதுரை என்று சேர்த்துச் சொன்னார்கள். பெல்ட் எம்புட்டுக் கனம் தெரியுமா? உனக்குக் கட்டிப் பார்த்தால் தறியில் உட்காரமாட்டாய், ராணி மாதிரி நடப்பாய்.

மச்சானிடம் சொல். தெருவில் எல்லாரிடமும் சொல். அப்பா செல்போனில் பார்த்தாரா? பார்த்திருந்தால் என்ன சொன்னார் என்று எழுது. முட்டிவலிக்கு அவர் தேய்க்கிற தைலம் இங்கே கிடைக்கிறது, இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். வெயிலில் சும்மா அலைய வேண்டாமென்று சொல்.

நவம்பரில் அடுத்த போட்டி பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ இன்னும் ஒரே ஒரு தடவை போக வேண்டியிருக்கும்.

உன் பவா


செல்லூர்
5.8.2024

பவா,

அப்பா இறந்து பதினெட்டு மாதமாகிறது. நீ விமானத்தில் வந்தாய். தலைமாட்டில் நீதான் உட்கார்ந்திருந்தாய். என் தோளில் சாய்ந்துதான் அழுதாய்.

உன் கடிதத்தை உன் மச்சானிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தறியை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழக்கூட வரவில்லை. அடுத்த நாள் காலையில் உட்கார்ந்து உனக்கு லைசென்ஸ் கொடுத்த ஆபீஸுக்கு எழுதினேன். இரண்டு ஸ்கேனும் என் தலை என்று எழுதி, என் பெயர், விலாசம், ஆதார் எண் எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். ராஜபாண்டி அண்ணனுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. கேட்டால் மறுபடியும் உன் பேச்சில் மயங்கிவிடுவேன். உடனே வீட்டுக்கு வா. மாடியறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்.

அக்கா


புனே
30.9.2024

சுபலட்சுமிக்கு,

அப்பா செத்தது எனக்குத் தெரியும். பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்காக என் பதினோரு வருஷத்தை எடுத்துவிட்டாய்.

லைசென்ஸ் ரத்து. துபாய் வெற்றியும் ரத்து, பெல்ட்டைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினேன். என்னையே கூட்டிப் போய்ப் படம் எடுத்தார்கள். மூச்செல்லாம் முட்டவில்லை. பழைய தழும்போடு, புதிதாக ரத்தம் கசிந்திருக்கிறதாம், ஜூலையில் வாங்கிய அடிதானாம். ஜூனில் உண்மையான படம் இருந்திருந்தால் ரிங்கில் ஏறவே விட்டிருக்கமாட்டோம் என்றார் டாக்டர்.

நீ ஜூனிலேயே மாட்டேன் என்றிருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசிவரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். தலை கெடும்வரை எனக்குத் துணை வந்தாய், ஜெயித்த பிறகு காட்டிக்கொடுத்தாய். இதில் எதற்காக உன்னை மன்னிப்பது?

மாடியறை வேண்டாம். எழுதாதே.

சோ. பவதாரிணி


செல்லூர்
16.1.2025

பவா,

எழுதாதே என்றாய். இது நாலாவது கடிதம். மூன்றுக்கும் பதில் இல்லை, திரும்பியும் வரவில்லை. நீ வாங்கி வைத்துக்கொள்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் புனேவுக்கு வந்தோம். கேம்ப் கேட்டில் இருந்தவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, உனக்கு அக்கா என்று யாரும் இல்லையென்று நீ சொன்னதாகச் சொன்னார். உன் மச்சான், "கோவத்துல சொல்லிருக்கும், வா" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். ரயிலில் வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. கோபத்தில்தான் சொன்னாயா, இல்லை உண்மையிலேயே ஞாபகம் இல்லாமல் சொன்னாயா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைத் தின்கிறது.

நீ கேட்டது நியாயம்தான். ஜூனில் நான் மாட்டேன் என்றிருக்க வேண்டும். காதோரம் விழுந்த அந்த அடிக்கு நான்தான் உன்னை அனுப்பினேன். நீ என்னைவிட்டுப் போய்விடக்கூடாது என்று பயந்து, உன்னையே கொடுத்துவிட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

மன்னிக்க வேண்டாம். வரவும் வேண்டாம். இத்துடன் என் விலாசம் எழுதிய அஞ்சலட்டை ஒன்று வைத்திருக்கிறேன். நான் உனக்கு என்ன துரோகம் செய்தேன் என்று அதில் எழுதி, என்ன வசவு வருகிறதோ அத்தனையும் வைது, தபாலில் போட்டுவிடு. நான் செய்தது உனக்கு ஞாபகமிருக்கிறது என்று தெரிந்தால் போதும் எனக்கு.

உன் அக்கா,
சுபலட்சுமி