வாயைக் கட்டிய வேண்டுதல்

மார்ச் 3, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. குழாய் ரிப்பேர்காரர் வரவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டேன், பதறாத மாதிரி.

டெஸ்டர் வேலை. அவர்கள் செய்கிற ஆப்பைத் தட்டிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று சொல்ல வேண்டும். மகளின் பழைய லேப்டாப்பில் நானாகக் கற்றுக்கொண்டது. முதல் சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அப்படியா, நல்லது. என் கண்ணாடியைப் பாத்தியா?"

மூக்கின்மேல் இருந்தது.

மார்ச் 4, புதன்

நாத்தனார் போன். அவளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ!

"அங்கெல்லாம் நம்ம பிள்ளைங்க வயசுப் பசங்க அண்ணி. உங்களைப் பாத்தா யாருக்கோ டிபன் பாக்ஸ் குடுக்க வந்தவங்கன்னு நெனைப்பாங்க."

"டிபன் பாக்ஸ் குடுக்கவும் காலையில எழுந்திருக்கணும்மா, அது எல்லாருக்கும் வராது" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஜெயித்தது நான்தான். ஆனால் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. எந்த ஃபாரத்திலும் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றே எழுதி வருகிறேன். அரசியாம். ஒரு நாள் லீவு போட முடியாத அரசி. அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு தடவை வேறு ஏதாவது எழுத வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வேண்டிக்கொண்டேன். வேலை கிடைத்தால் ஒரு வருஷம் நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

எழுதிப் பார்த்தால் பகீரென்றது. ஆறு மாதம் என்று திருத்திவிட்டேன். விலை சொன்னதே நான்தானே, குறைத்தால் என்ன?

மார்ச் 9, திங்கள்

முதல் சுற்றில் மனுஷரே கிடையாது. திரையில் கேள்வி வரும். கேமராவைப் பார்த்துப் பேசினால் பதிவாகும். எதிரே ஒரு 'ம்' கொட்டக்கூட ஆள் இல்லை. நிறையப் பேர் இதில்தான் உளறிவிடுவார்கள் என்று மகள் பயமுறுத்தினாள். எனக்கென்ன பயம்? பதிலே சொல்லாத ஒருவரிடம் தினமும் காலையில் பேசுகிறவள் நான்.

அதுதான் வினையாகிவிட்டது.

கடைசிக் கேள்வி: உங்கள் பலவீனம் என்ன?

கண் தானாக மூடிக்கொண்டது. கையும் கூப்பிக்கொண்டது. "வாய் அடங்க மாட்டேங்குதுப்பா. தப்புன்னு பட்டா யாரா இருந்தாலும் சொல்லிடறேன். நாத்தனார் வர்றான்னா தலைவலின்னு படுத்துக்கறேன். பக்கத்து வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சா எனக்கு வயிறு எரியுது. நீதான் பாத்து—"

கண்ணைத் திறந்தேன். 'உங்கள் பதில் அனுப்பப்பட்டது.'

ஐயோ.

மகள் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா! 'நான் ரொம்ப உழைச்சிடறேன், அதான் என் பலவீனம்'னு சொல்லணும்மா!"

"அது பொய்யாச்சே."

"எல்லாரும் அதான் சொல்வாங்க!"

"பொய்னு கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடி கேக்கறாங்க?"

லைனைக் கட் பண்ணிவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

சாமியோடு பேச்சில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன்.

மார்ச் 18, புதன்

நேரில் வரச் சொல்லிவிட்டார்கள்! தப்பாக அனுப்பிவிட்டார்களோ என்று இரண்டு தடவை படித்தேன்.

எங்கும் கண்ணாடி. கதவு எது, சுவர் எது என்று தெரியாமல் சுவரைத் தள்ளினேன். பக்கத்து நாற்காலிப் பெண் கண்ணை மூடி ஜபம் மாதிரி முணுமுணுத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன்: "நான் ரொம்ப உழைச்சிடறேன்... ரொம்ப உழைச்சிடறேன்..."

உள்ளே மேனேஜரம்மாவும் ஒரு நெட்டையனும்.

"உங்க வீடியோவைப் பாத்தோம்" என்றார் அந்த அம்மா.

"எத்தனை தடவை?"

"...மூணு."

நெட்டையன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

அவன் செய்த மளிகை ஆப்பைச் சோதிக்கச் சொன்னார்கள். எனக்கு இரண்டு கோளாறுதான் அகப்பட்டது. இன்னும் நாலு இருந்ததாம், காட்டினான். அசடு வழிந்தேன். ஆனால் நான் பிடித்ததில் ஒன்று, ஒரு சாமானை வேண்டாம் என்றால் மொத்தக் கூடையும் காலியாகிறது. அதை மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அது கோளாறு இல்லைங்க. அப்படித்தான் வச்சிருக்கோம்."

"அப்படித்தான் வச்சிருக்கீங்கன்னா, அப்படித்தான் தப்பா வச்சிருக்கீங்க தம்பி."

விடவில்லை. வேலை வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. நாத்தனாரிடம் பேசுகிற அதே குரல்.

லிஃப்ட் வரை மேனேஜரம்மா கூட வந்தார். "எங்க டீம்ல எல்லாரும் தங்கமானவங்க. யாரும் யாரையும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. தப்பெல்லாம் நேரா கஸ்டமர்கிட்ட போயிடுது. நீங்க நிஜமாவே இப்படித்தானா, இல்ல இன்டர்வியூவுக்காகவா?"

"நாத்தனார் நம்பர் தரட்டுமா?" என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

மெயில் இல்லை. சாமியோடு மறுபடி பேச்சு. சரி, பழையபடி ஒரு வருஷமே வைத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். எனக்குத் தலைவலி இல்லை.

டீயை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள். "வேற யாரும் கிடைக்காமத்தான் உங்களை எடுத்திருப்பாங்க, இல்ல அண்ணி?"

நாக்கு நுனியில் பதில்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் அருமையான பதில்கள்.

"இருக்கலாம்" என்றேன்.

வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். "ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

நாத்தனாருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அண்ணி... எம்மேல கோவமா?"

"சேச்சே. டீ ஆறுது பாரு, குடி."

ஒரு வருஷம். எப்படித் தள்ளப் போகிறேனோ.

நல்ல வேளை, நாளை திங்கள்கிழமை. நெட்டையன் புதிதாக ஏதோ செய்து வைத்திருக்கிறானாம்.