இடைவேளையிலேயே நான் சொன்ன முடிவு

அன்பு மனைவிக்கு,

படம் இப்படித்தான் முடியும்னு இடைவேளையிலேயே சொன்னவன் உன் புருஷன்தான். நான் இங்கே வெளிநாட்டுல கல்லு மாதிரி இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

லீவு நாளில் என் ரூமில் தங்கியிருக்கும் வெல்டர் பையனோடு சினிமாவுக்குப் போனேன். விபத்தில் நினைவு தப்பிய பொண்டாட்டி, கட்டின புருஷனையே "நீங்க யாரு?" என்கிறாள். அவன் தினமும் தன் பேரைச் சொல்லிப் புதுசாகப் பழகுகிறான். கடைசியில் அவன் தும்மியதும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது! தியேட்டரே என்னைப் பார்த்துக் கைதட்டியது.

"மாமா, அழுறீங்களா?" என்றான் வெல்டர்.

"போடா, ஏசி காத்து கண்ணுல பட்டுடுச்சு."

என் போட்டோவை அடுப்படியில் மாட்டி வை. ஆறு வருஷம் கழித்து ஊருக்கு வழுக்கையும் தொப்பையுமாக வந்து நிற்பேன், யாருன்னு கேட்டுடாதே. கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன்.

தும்மல் நானாகச் சேர்த்தது. படத்தில் அவளுக்குக் கடைசிவரை ஞாபகமே வரவில்லை.

உன் வீட்டுக்காரன்