சபை வாங்கிய ரிவால்வர்

11 ஜூலை 1957

ஆஸ்பத்திரியில் கோமாரி கண்ட மாடுகள் வந்துகொண்டே இருந்தன. குளம்பு கழுவிக் கழுவிக் கை ஊறிப்போயிற்று. உப்பிலியபுரத்துக்காரர் ஒருவர் டாக்டர் வரும்வரை கம்பவுண்டரான என்னையே டாக்டராக்கிக் கேள்வி கேட்டுத் தீர்த்தார்.

சாயங்காலம் வக்கீல் சடகோபன் கூப்பிட்டனுப்பினார். ஸ்ரீரங்கத்து ஜீவகாருண்ய சபைக்குக் காரியதரிசி. கால் முறிந்தும் லாரியில் அடிபட்டும் தெருவில் கிடக்கும் வண்டிக் குதிரைகள் வதைபடாமல் உயிர்விட, சபை ஒரு ரிவால்வர் வாங்கியிருக்கிறது. ஊரைவிட்டுப் போன எஸ்டேட்காரர் ஒருவர் மலிவாகக் கொடுத்ததாம். லைசென்ஸ் சபையின் பேரில். கையாளும் ஆள் நான். கலெக்டர் ஆபீசில் என் பேரையும் சேர்த்தாயிற்று.

"யுத்தத்துலே கோவேறு கழுதைகளோட கிடந்தவர் நீர். இந்த ஊர்லே இது வேற யாருக்குத் தெரியும், ஸ்தனிஸ்லாஸ்?" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெல்ஜியம் சரக்கு. கைப்பிடித் தகட்டில் விரிசல். டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அடைக்கலமேரி எட்ட நின்று பார்த்தாள். "புள்ளை இல்லாத வீடுதானே, இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சீங்களா?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயால் அந்த வார்த்தை வந்ததில்லை.

26 ஜூலை

ஜட்கா ஓட்டும் சேக் மைதீன் பாய் தன் குதிரை சிட்டுவைக் கொண்டுவந்தார். குளம்பில் ஆணி ஏறியிருந்தது. நான் பிடுங்கி மருந்து வைக்கும்வரை, அவர் அதன் நெற்றியோடு தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "இவ எனக்கு மூத்த பொண்டாட்டி, கம்பவுண்டரய்யா. நஜீமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று சிரித்தார். நஜீமா அவர் மனைவி. அந்தம்மாவுக்கு இது தெரியாமலா இருக்கும்?

9 ஆகஸ்ட்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உறையூர் ரோட்டில் ஒரு கிழட்டுக் குதிரையின் இடுப்பில் லாரி ஏறிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "செய்துடு" என்றார். கூட்டம். சேக் மைதீன் அந்த வழியாக வந்தவர், வண்டியை விட்டு இறங்கித் தானாகவே அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் இடம் பார்த்து வைத்து அழுத்தினேன்.

டிக்.

வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். டிக். குதிரை என்னைப் பார்த்தது. இரும்பு நெற்றியில் படுவதும் எடுபடுவதுமாக — அதுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? என்னவோ தெரிஞ்சிருக்கு. தலையை உதற ஆரம்பிச்சிடுச்சு. அடுத்ததுல வெடிச்சுது, ஆனா என் கை விலகிப் போச்சு. ஐயோ. அந்தச் சத்தம். குதிரை அப்படிக் கத்தும்னு இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்ல.

அடங்குவதற்குள் வெகுநேரம் ஆயிற்று.

சேக் மைதீன் சட்டையெல்லாம் ரத்தம். எழுந்து என் முகத்துக்கு நேராக, "கசாப்புக் கடைக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான், கம்பவுண்டரே" என்றார். 'ஐயா'வை விட்டுவிட்டார்.

10 ஆகஸ்ட்

சாப்பாடு இறங்கவில்லை.

12 ஆகஸ்ட்

அடைக்கலம் பாக்குவெட்டியால் டிக் டிக்கென்று பாக்கு நறுக்கினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, எழுந்துவிட்டேன். அவள் பாக்குவெட்டியை எங்கோ எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

14 ஆகஸ்ட்

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வக்கீல் வீட்டுக்குப் போனேன். "பழைய சாமான்னா ஒண்ணு ரெண்டு தரம் அப்படித்தான் மக்கர் பண்ணும். துடைச்சு எண்ணெய் விடும், சரியாப் போயிடும்" என்றார். "முடியாது சார், வேற பாருங்க" என்றேன். "சரி, வேற ஆளைப் பாக்கறேன்" என்றார். வேறு ஆள் என்றுதான் சொன்னார், வேறு துப்பாக்கி என்று சொல்லவில்லை.

வாசல்வரை வந்துவிட்டேன். இதே இரும்பு இன்னொருவன் கைக்குப் போகும். இன்னொரு குதிரையின் நெற்றிக்குப் போகும். நான் மட்டும் வீட்டில் நிம்மதியாக இருப்பேனா? திரும்பிப் போய், "நானே வெச்சுக்கறேன்" என்றேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து நேரே மலைக்கோட்டைக்கு. அடிவாரச் சந்தில் பரக்கத் அலியின் துப்பாக்கிக் கடை. ரிப்பேருக்கு லைசென்ஸ் உள்ளவர். கையில் வாங்கியதும் காதருகே வைத்து உருளையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதைக் கொண்டா உசுரை எடுக்கப் போனீங்க?"

"ஆமாங்க."

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்க."

"வாங்கமாட்டாங்க பாய்."

பெருமூச்சு விட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே எந்தக் காலத்து எண்ணெயோ, கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. சுத்தியல் ஓங்குகிறதே தவிர அடியில் பலமில்லை, ஸ்பிரிங் செத்துவிட்டது. தோட்டாவைத் தட்டும் ஊசியின் முனை மழுங்கிப்போயிருந்தது. தோட்டா இருக்கும் குழிகளில் துரு.

ஸ்பிரிங்கும் ஊசியும் அவர் வேலை. துருவையும் அழுக்கையும் நானே எடுக்கிறேன், ஆனால் இங்கேயே, உங்கள் கண் முன்னால் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

25 ஆகஸ்ட்

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். துணி கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. உப்புத்தாளை அழுத்தித் தேய்க்கப் போனபோது பரக்கத் அலி கையைப் பிடித்துக்கொண்டார். "கோவத்தைத் துரு மேல காட்டாதீங்க. குழி பெருசாயிடுச்சுன்னா தோட்டா ஆடும்."

கோபம்தானா அது? யார் மேல்?

8 செப்டம்பர்

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வரிசை. நான் வருவதைப் பார்த்ததும் ஒருவர் தன் குதிரையின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அடுத்தவரும் திருப்பினார். சேக் மைதீன் திருப்பவில்லை. சிட்டுவுக்குப் புல் உதறிக்கொண்டு, நான் அங்கே இல்லாதது போல நின்றார். அதற்கு மற்றவர்கள் திருப்பியதே எவ்வளவோ மேல்.

15 செப்டம்பர்

ஸ்பிரிங் பொருத்தியாயிற்று. முதலில் போட்டது முறுக்கு அதிகம். விசையை அழுத்தவே இரண்டு விரல் வேண்டியிருந்தது. அழுத்தும்போது கை ஆடினால் மறுபடி அதே கதைதான். "நீங்க மட்டும்தானே சுடப்போறீங்க? உங்க விரலுக்குத் தக்கன செய்யணும்" என்று பரக்கத் அலி அதை எடுத்துவிட்டு வேறு போட்டார். அவர் அளவு பார்க்க, நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். இப்போது சத்தம் வேறு. டிக் இல்லை. டக்.

29 செப்டம்பர்

போலீஸில் அனுமதி வாங்கி, ஒரு கான்ஸ்டபிளோடு கொள்ளிடத்து மணலுக்குப் போனோம். தென்னை மட்டையை நட்டுச் சுட்டேன். எல்லாம் வெடித்தன. மறுபடி நிரப்பினேன். எல்லாம் வெடித்தன — கடைசி ஒன்றைத் தவிர.

கான்ஸ்டபிள், "அதனால என்ன சார், இத்தனை வெடிச்சுதே" என்றார். தென்னை மட்டை திரும்பிப் பார்க்காது.

30 செப்டம்பர்

ஆஸ்பத்திரியில் பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டேன். டாக்டர் முறைத்தார். நல்ல வேளை, மாட்டுக்குக் கொடுக்கவில்லை.

6 அக்டோபர்

பரக்கத் அலி மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். துப்பாக்கியில் குறையில்லை. வெடிக்காத தோட்டாவை உருட்டிப் பார்த்து, "ஊசி நல்லா ஆழமாத் தட்டியிருக்கு பாருங்க. தோட்டாதான் செத்தது. அந்த எஸ்டேட்டுல மழையிலயும் பனியிலயும் எத்தனை வருசம் கிடந்துச்சோ" என்றார்.

நேரே வக்கீல் வீடு. புதுத் தோட்டா வேண்டும் என்றேன். பழையது ஒரு டப்பா இருக்கே, தீரட்டும் என்றார்.

நான் சத்தம் போட்டுவிட்டேன். "அந்தக் குதிரை கத்தினப்ப நீங்க இல்ல சார்! நான் இருந்தேன். வாங்கித் தரமுடியாதுன்னா இப்பவே என்கூடப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வாங்க, துப்பாக்கி, தோட்டா ரெண்டையும் ஒப்படைச்சிடலாம்."

உள்ளே ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காரும்" என்றார். பிறகு, "எனக்கு யாரும் அதைச் சொல்லலே. வெடிக்கலேன்னு மட்டும்தான் சொன்னா" என்றார். தோட்டாவுக்கு எழுதிக் கொடுத்தார். பொல்லாத மனுஷர் இல்லை. பார்த்தவரும் இல்லை.

3 நவம்பர்

கொள்ளிடம். புதுத் தோட்டா. ஒன்றுகூடத் தவறவில்லை. பரக்கத் அலி கைப்பிடிக்குப் புதுத் தகடு போட்டுக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லை.

இதற்கு மேல் என்ன செய்ய? ஆனாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எடுத்து, தோட்டா இல்லை என்று பார்த்து, அழுத்தி, துடைத்து, வைக்கிறேன். மறுநாளும் அதேதான்.

24 நவம்பர்

அடைக்கலம் இன்று எதிரே வந்து உட்கார்ந்தாள். "அது நல்லாயிடுச்சுங்க. நீங்கதான் இன்னும் ஆகலை" என்றாள்.

19 டிசம்பர்

புதுத் தோட்டா வந்ததிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவே வேண்டாம் என்று மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். கூப்பிட்டால்தான் தெரியும் என்றும் தோன்றுகிறது. இது என்ன வேண்டுதல்?

3 ஜனவரி 1958

ஏகாதசிக் கூட்டம் இன்னும் குறையவில்லை. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சேக் மைதீன். தலையில் தொப்பி இல்லை; கைலியெல்லாம் சேறு.

"மொட்டைக் கோபுரத்துக்கிட்ட பஸ்காரன் பின்னால வந்து மோதிட்டான். சிட்டுக்கு முன்னங்கால்... எலும்பு வெளிய வந்திருச்சு. டாக்டரு முகாமுக்குப் போயிருக்காராமில்ல?"

"ஆமா பாய். நாளைக்குத்தான் வருவார்."

அவர் தரையைப் பார்த்தார். "அந்த மிசினு இப்ப வேலை செய்யுமா?"

செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை மாதம் தேய்த்துத் தேய்த்து, கேட்கும்போது சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

"உங்க சம்சாரத்து மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க, கம்பவுண்டரே."

உள்ளேயிருந்து அடைக்கலம் வந்தாள். டிரங்குப் பெட்டியின் சாவி அவள் கையில் இருந்தது. "பண்ணுங்க" என்றாள் என்னிடம். "தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். என் மேல தாராளமாப் பண்ணுங்க."

பண்ணினேன்.

காவிரிப் பாலம் முழுக்க ஜனம். ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போனோம். அவர் முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நான் பின்னால். சிட்டு சுவரோரம் கிடந்தது. வண்டிக்காரர்கள் சுற்றி நின்று ஜனங்களைத் தடுத்திருந்தார்கள். காலைப் பார்த்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினேன்.

அவர் மண்டியிட்டு அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். காதில் என்னவோ சொன்னார். ஓதினாரா, பேசினாரா தெரியாது. "ஒதுங்கிக்கங்க பாய்" என்றேன். "மாட்டேன்" என்றார். பின்னால் தள்ளி உட்காரவைத்து, கழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரே சத்தம்.

சிட்டு ஒரு மூச்சு விட்டது. அவ்வளவுதான். பிறகு மூச்சே இல்லை.

"முடிஞ்சிருச்சா?" கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"முடிஞ்சிருச்சு பாய்."

"கத்தலையே."

"இல்ல பாய். கத்தல."

கழுத்துக் கயிற்றில் இருந்த மணிகளை அவிழ்த்துத் துண்டில் முடிந்துகொண்டார். என் பக்கம் பார்க்காமலே போனார். நான் நின்ற இடத்திலேயே தோட்டாக்களை எடுத்தேன்.

4 ஜனவரி

பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்தேன். ஒரு தடவைதான். சாவியை அடைக்கலத்திடம் கொடுத்துவிட்டேன்.

17 ஜனவரி

வக்கீல் சார் வருஷ அறிக்கையில் எழுதவேண்டும், விவரம் சொல்லும் என்றார். "குதிரை கத்தவில்லை என்று போடுங்க சார், போதும்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

21 மார்ச்

சபைக் கூட்டம் முடிந்து ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்ப நேரமாகிவிட்டது, மத்தியான வெயில் வேறு. ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பக்கத்தில் வந்து நின்றது. சேக் மைதீன். இன்னொருவர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறாராம். ஆள் இளைத்திருந்தார்.

"நடந்தே போயிடுறேன் பாய்" என்றேன்.

"ஏறுங்க, கம்பவுண்டரய்யா."

ஏறினேன். அவருக்கு இன்னும் மிதித்துப் பழகவில்லை. பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. முதுகுச் சட்டை நனைந்துவிட்டது. நான் இறங்கிப் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தேன். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. கீழே காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது. பாதிப் பாலம் வரை தள்ளினேன்.

பிறகு சமதரை. "உக்காருங்க, இனிமே நான் மிதிச்சுக்குவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகப் பசித்தது.