ஒரே வெட்டில் திரும்பாத வளைவு

சோளக்காடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புக் கண்ணு மேகலாவுக்கு அம்மா எழுதுவது. செவ்வாய்க்கிழமை நீ போனில் அழுதபோது நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஸ்பீக்கர் போட்டிருந்தது, அப்பா பக்கத்திலேயே நின்றார், அதனால் சாப்பிட்டியா சாமி என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். எனக்கு எதையும் வாயால் சொல்ல வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் காகிதம். நானும் அப்பாவும் சௌக்கியம், மழையும் குளிருமாக மலையும் சௌக்கியம். அங்கே உன் உடம்பும் மனசும் அதே போல இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

காலையிலிருந்து மேகம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. மிளகுக்கொடி ஏறிய மரங்களெல்லாம் இடுப்புக்கு மேல் காணவில்லை. அடுப்படியில் நிற்கிற எனக்கு, இதற்கு மேலே எங்கேயோ வெயில் அடிக்கிறது, அங்கே நீ போய்க்கொண்டிருக்கிறாய் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. விமானம் ஓட்டிப் பறந்து காட்டும் தேர்வில் என்னவெல்லாம் பார்ப்பார்கள் என்று நீ அனுப்பிய தாள்களை அகராதி வைத்துக்கொண்டு கதைப்புத்தகம் போலப் படித்தேன். முள் காட்டும் அளவை நம்பிவிடாமல் டேங்கைத் திறந்து எரிபொருளைப் பார்க்கிறாளா, என்ஜின் நின்றதாக வைத்துக்கொள் என்றால் பதறாமல் இறங்க இடம் தேடுகிறாளா, உயரம் பிசகினால் யாரும் சொல்லாமலே கண்டு திருத்துகிறாளா. அன்றிலிருந்து முகம் தெரியாத அந்தத் தேர்வாளர் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பால் பொங்கும்போது என்னைப் பார்க்கிறார், நான் தீயைக் குறைத்ததும் தலையாட்டுகிறார். கெட்டவராகத் தெரியவில்லை கண்ணு.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் இறக்கும்போதுதான் போயிற்று என்றாய். உயரமாக, வேகமாக வந்துவிட்டாய், ஓடுதளம் பாதி கழிந்துவிட்டது, அப்படியும் அழுத்தி இறக்கினாய், விமானம் துள்ளித் துள்ளிப் போய் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றது. மறுபடி மேலே ஏறிச் சுற்றி வந்திருக்கலாமே, அதற்கு ஒரு மார்க்கும் குறைக்கமாட்டேனே என்று அவர் கேட்டாராம். அதற்குப் பதிலை என்னிடம்தான் சொன்னாய், சிரிப்பாங்கன்னு நெனச்சேம்மா என்று.

யார் சிரிப்பார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நம் மலை ரோட்டில் கொண்டை ஊசி வளைவை ஒரே வெட்டில் திருப்பாமல் ரிவர்ஸ் எடுத்தவனை ஊரே ஒரு வாரம் விடாது. பஸ் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ரிவர்சு ரிவர்சு என்று கத்தின பிள்ளைகளில் நீதான் முதல் ஆள். நம் ஊர் முரளியின் லாரி வளைவில் ரிவர்ஸில் போனபோது, மாமா இன்னுங் கொஞ்சம் போனா சேலமே வந்துரும் என்றாயே, அதை அவன் இன்னும் மறக்கவில்லை. போன வாரம் சந்தையில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டே கேட்கிறான், ஏனுங்கக்கா, உங்க புள்ள ஏரோப்ளேனுக்கு ரிவர்ஸ் கியர் இருக்குதுங்களா என்று. உங்கப்பா மட்டும் ரிவர்ஸ் எடுத்ததே இல்லை என்று உனக்கு அப்படி ஒரு பெருமை.

நான் சொல்லாமல் விட்டது இதுதான். உங்கப்பா எடுப்பார். நம் வண்டியில் பாரம் ஏற்றி, நானும் அவரும் மட்டும் போகும்போது, செங்குத்தாக இறங்கும் அந்தப் பெரிய வளைவில் முன்னும் பின்னும் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தி, பின்னால் போய்த்தான் திரும்புவார். புள்ளகிட்டச் சொல்லீராத என்பார். நீ பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிய நாட்களில் ஒரே வெட்டில் திருப்பினார். அப்போது பின்சக்கரம் விளிம்பிலிருந்து கல்லை உதிர்த்தது. நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவையும் போனால் சோளக்காட்டில் பழக்கடை போட்டுக்கொள்கிறேன் என்றாய். வந்துவிடு என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நீ இல்லாத வீடு பெரிதாக இருக்கிறது என்பதற்காக நீ கீழே இறங்க வேண்டாம். தேர்வன்று வெறும் வயிற்றோடு போகாதே. தலைக்கு எண்ணெய் வை. மிளகுப்பொடியும் மலைத்தேனும் தனியாக அனுப்புகிறேன், தேன் மூடியை இறுக்கி மூடு, எறும்பு வரும். தேர்வாளரைப் பார்த்துப் பயப்படாதே, நம் வீட்டில் அவர் நன்றாகத்தான் நடந்துகொள்கிறார். மேலே போகிற பிள்ளைக்குக் காற்றும் மேகமும் வழி விடட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன் உன் அம்மா,
பரிமளா

பின்குறிப்பு: மழையில் லாரி இறங்காததால் கடிதம் என் பையிலேயே கிடந்தது, அதற்குள் இன்று காலை நீயே கூப்பிட்டுவிட்டாய். இந்தத் தடவையும் உயரமாக வந்துவிட்டதாம், மேலே தூக்கிக்கொண்டு போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்கினாயாம், தேறிவிட்டாயாம். நான் எழுதியதைப் படிக்காமலே செய்திருக்கிறாய், இருந்தாலும் அனுப்புகிறேன். இதை அடிவாரத்தில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்த அப்பா, நீ போனை வைத்ததும் வண்டியை எடுத்தார், பலாப்பழப் பாரத்தோடு நானும் ஏறிக்கொண்டேன். அந்த வளைவில் எதிரே ஒரு டூரிஸ்ட் வேன், பின்னால் முரளியின் லாரி. அப்பா ரிவர்ஸ் எடுத்தார்.