ஆட்சேபணை இல்லை

ஜனவரி 20, 2025. திங்கள்

பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் எல்லா பிரஸ் மெஷினும் ஓடியது. நாலாயிரத்துச் சொச்சம் குக்கர் ரப்பர் செக் பண்ணி அனுப்பினேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே பிசிறு எங்கே என்று சொல்லிவிடுவேன்.

மத்தியானம் ஓனர் ஜானகியம்மாள் எங்கள் முப்பத்தெட்டுப் பேரையும் கூப்பிட்டார். ஏதோ ஒரு வெளிநாட்டோடு டெல்லியில் வர்த்தக ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். குக்கர் ரப்பருக்கு இறக்குமதி வரி அடியோடு போகப்போகிறதாம்.

"அவன் ரப்பரு நம்ம வெலையில பாதிக்கு வந்து எறங்கும். அப்புறம் நான் இன்னாத்த வெச்சி கம்பெனி நடத்துறது, நீங்களே சொல்லுங்க" என்றார். எப்போதும் அதட்டுகிற அம்மா. இன்று குரலே எழும்பவில்லை.

வரியை நீக்காமல் விட்டுவைக்கிற பொருட்கள் என்று ஒரு பட்டியல் தயாராகிறதாம். அதில் எங்கள் ரப்பர் ஏறினால் பிழைத்தோம். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டியில் எந்த கேட்டில் போய் நிற்பது, இந்த நாற்பத்தேழு வயதில்?

ஜனவரி 27

"நம்மளக் கேக்காம எப்பிடிக்கா போடுவாங்க? பார்லிமெண்ட்ல ஓட்டுக்கு வராதா?" பிரஸ் ஓட்டுகிற லோகு கேட்டான். எங்கள் யூனியன் செயலாளரும் அவன்தான்.

வீட்டில் ஏஞ்சலினைக் கேட்டேன். சட்டம் படிக்கிற மகள் எதற்கு இருக்கிறாள். ஓட்டுக்கெல்லாம் வராதாம், மந்திரிசபை முடிவு செய்தால் போதுமாம். எம்.பி.க்கள் குழு ஒன்று கூப்பிட்டு விசாரிக்கலாம், சிபாரிசு செய்யலாம், அவ்வளவுதான் என்றாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுகிற ஊர் இது. முப்பத்தெட்டு அடுப்பை அணைப்பதற்குச் சொல்ல மாட்டார்களாமா?

ஆனால் தொழில் செய்கிறவர்கள் யாரிடமாவது கருத்துக் கேட்டிருப்பார்களாம். யாரிடம் கேட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் என் பெயரில் மனு எழுதிவிட்டாள்.

பிப்ரவரி 26, புதன்

பதில் வந்தது. பேச்சுவார்த்தை விவரம் ரகசியம், தர முடியாதாம். கூட ஒரே ஒரு நகல் மட்டும் வைத்திருந்தார்கள்.

இந்தப் பகுதி சிறு ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் போன நவம்பரில் எழுதிய கடிதம். ஏஞ்சலின் வாசித்துத் தமிழில் சொன்னாள். வரியை நீக்க ஆட்சேபணை இல்லை. தொழிலாளர்களையும் கலந்து பேசியாயிற்று, அவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. இப்படிக்கு செயலாளர் பரசுராமன். கடிதத்தின் பின்னால் எங்கள் கையெழுத்து. முப்பத்தெட்டும் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது.

நான் எப்போது போட்டேன்? ஒரு மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உறைத்தது. ஆயுத பூஜை!

வருஷா வருஷம் சங்கத்திலிருந்து ஒவ்வொரு கம்பெனிக்கும் வந்து ஆளுக்குப் பொரிக்கடலை, ஸ்வீட் பாக்ஸ், ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுப்பார்கள். வாங்கினதற்கு வரிசையாகக் கையெழுத்துப் போடுவோம். தாளில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்த்ததில்லை. போன வருஷம் மேலே ஒன்றுமே எழுதவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. "கிறிஸ்டியனுக்கும் பொரி உண்டா சார்?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன். "மெஷினுக்கு ஏதும்மா மதம், போடு கையெழுத்த" என்று சிரித்தபடி பேனாவை நீட்டினார் பரசுராமன் சார்.

சாராம் சார்! பாவி, ஒரு படி பொரிக்கு எங்க வயித்துல அடிச்சிட்டானே.

பிப்ரவரி 28

காரணமும் தெரிந்துவிட்டது. அந்த ஆள் தன் பிரஸ் மெஷின்களை எப்போதோ விற்றுவிட்டானாம். கவரைப்பேட்டையில் குடோன் எடுத்து வெளிநாட்டு ரப்பர் இறக்கி விற்கிறான். பெட்டி பெட்டியாக இறங்குவதை லோகு கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். உற்பத்தியாளர் சங்கத்துக்கு உற்பத்தி செய்யாதவன் செயலாளர்.

இனி இந்த நோட்டில் அவன் பெயருக்குப் பின்னால் சார் கிடையாது.

மார்ச் 5. சாம்பல் புதன்

சர்ச்சில் ஐயர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நான் அவன் முகத்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும், அது அவர் வேலை. எனக்கு அவன் நாலு பேர் நடுவில் தலை குனிந்து நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் கடிதம். நேரில் பேச அனுமதி கேட்டு ஏஞ்சலின் என் பெயரில் எழுதியதற்குப் பதில். எம்.பி.க்கள் குழு சென்னைக்கு வருகிறது. 12ஆம் தேதி நான் நேரில் பேசலாம். மூன்று நிமிடம். சங்கத்தையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவனும் வருவான்!

மார்ச் 9, ஞாயிறு

லோகுவும் ஜானகியம்மாளும் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு மனு தயார் செய்திருக்கிறார்கள். சுங்கப் பட்டியலில் எங்கள் ரப்பருக்கு என்ன எண், இந்தப் பக்கம் எத்தனை கம்பெனி, எத்தனை பேர் வேலை, விட்டுவைக்கிற பட்டியலில் ஏன் சேர்க்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. நல்ல மனு. "மொதல்ல இந்தப் பேப்பர அவங்க கையில குடுத்துடுக்கா. அப்புறம் நீ இன்னா வேணா பேசு" என்றான் லோகு.

சரி என்றேன். கண்ணாடி முன்னால் நின்று நான் மனப்பாடம் செய்வது வேறு. ஏஞ்சலின் போனில் நேரம் பார்த்தாள். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி.

மார்ச் 12, புதன்

காலை மின்சார ரயிலில் நானும் லோகுவும் போனோம். பெயர் கொடுத்தவரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் அவன் வெளியே நின்றுவிட்டான்.

நீள மேசை, எம்.பி.க்கள் பத்துப் பன்னிரண்டு பேர், நான் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல ஒரு அம்மா. எதிர் வரிசையில் அந்த ஆள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்து, "இன்னா கிரேஸு, நீயும் வந்துக்கினியா?" என்றான். பொரிப் பொட்டலம் நீட்டுகிற அதே சிரிப்பு.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளைத் தூக்கிக் காட்டினேன். "இது என் கையெழுத்துதான் ஐயா. ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கப் போட்டது. இந்தத் தாளைக் கொண்டுபோய் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தில் சேர்த்தவர் இதோ உட்கார்ந்திருக்கிறார். குடோனில் என்ன வைத்திருக்கிறார் என்று அவரையே கேளுங்கள்."

கேட்டார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "எல்லார் நல்லதுக்கும்தான் சார், சங்கத்துல பேசி" என்று ஆரம்பித்தவன், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்றதும் வாய் குழறினான். தண்ணீர் குடித்தான். சந்தனம் வழிந்து புருவத்துக்கு வந்தது. ஐயோ, என்ன சந்தோஷம்! பதினெட்டு வருஷத்தில் எந்த போனஸுக்கும் எனக்கு இப்படி மனசு நிறைந்ததில்லை.

மணி அடித்தது. "உங்கள் கோரிக்கை என்னம்மா?" என்று தலைவர் கேட்டார். "இந்த ஆளை விடக்கூடாது ஐயா" என்றேன். குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

படி இறங்கும்போதுதான் மனு பைக்குள்ளேயே இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினேன், கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் இருந்த அலுவலர், பத்து நாளுக்குள் தபாலில் அனுப்பலாம் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

கீழே லோகு. "பேப்பர் குடுத்தியாக்கா?"

"குடுத்தேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பத்து நாள் இருக்கிறதே. நாளைக்கே அனுப்பிவிட்டால் பொய்யும் இல்லை.

மார்ச் 16

சங்கத்தில் அவசரப் பொதுக்குழு கூட்டச் சொல்லி கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். ஓனர்கள் எல்லாரிடமும் அந்தத் தாளைக் காட்டினேன். ராத்திரி சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. தபால் நாளைக்கு.

மார்ச் 20

குடோனை போட்டோ எடுக்க கவரைப்பேட்டை போனேன். காம்பவுண்டுக்கு வெளியே நின்று பதினாலு படம். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகிறது.

மார்ச் 22, சனி

விழுந்தான்! பொதுக்குழுவுக்கு ஜானகியம்மாளோடு நானும் போயிருந்தேன். கை தூக்கச் சொன்னதும் ஒருவர்கூட அவன் பக்கம் தூக்கவில்லை. செயலாளர் பதவி போயிற்று. போகும்போது என்னிடம் வந்து, "ஒனக்கு இன்னா கெடச்சிது இதுல?" என்று கேட்டான். "இதோ, இப்போ நீ போறதப் பாக்குறேன் பாரு, அதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜானகியம்மாள் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 23

ஞாயிறு. நேற்றோடு பத்து நாள் முடிந்துவிட்டது.

மார்ச் 24

இருந்தாலும் ஸ்பீடு போஸ்ட் செய்தேன். தாமதமாக வந்ததை எடுத்துக்கொள்வார்களா? தலைவர் முகத்தைப் பார்த்தால் நல்ல மனுஷனாகத் தெரிந்தது.

ஏப்ரல் 4

தபால் திரும்பி வந்துவிட்டது. உறை மேல் 'காலம் கடந்தது' என்று ஒரு முத்திரை. அடுப்பில் காட்டிக் கொளுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

குழுவின் அறிக்கை வந்துவிட்டது. ஏஞ்சலின் வாசித்தாள். சங்கக் கடிதங்களை மட்டும் நம்பிக் கருத்துக் கேட்டதாகச் சொல்லக் கூடாது என்று ஒரு பத்தி. நான் சொன்னதால் எழுதியது. பெருமையாகத்தான் இருந்தது, அடுத்த பக்கம் புரட்டும் வரை. மனு வந்த பொருட்கள் பதினொன்று, இவற்றை விட்டுவைக்கச் சிபாரிசு. குடைக்கம்பி இருக்கிறது. சைக்கிள் பெல் இருக்கிறது.

குக்கர் ரப்பர் இல்லை.

"ஏம்மா, நீ பேப்பர் குடுத்தல்ல?" என்றாள். கேஸை அணைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. பதினொன்றும் தப்பித்தன.

நவம்பர் 29, சனி

கடைசி ஷிப்டு. ஜானகியம்மாள் ஒவ்வொருவர் கையையும் பிடித்து அழுதார். என்னோடு செக் பண்ணுகிற பூமிகாவுக்கு மீஞ்சூரில் ஏதோ கேன்டீனில் வேலை கிடைத்திருக்கிறதாம், மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. கேட்டைப் பூட்டும்வரை எல்லாரும் ரோட்டிலேயே நின்றோம்.

லோகு என் பக்கத்தில் வந்து நின்றான். "அவ்ளோ பாடுபட்டு எழுதுன பேப்பரு அக்கா. நீ கையில குடுத்தும் லிஸ்ட்டுல வரலன்னா, நடுவுல எவனோ எடுத்துட்டிருக்கணும். அந்த பரசுராமன் வேலையாத்தான் இருக்கும், இன்னாக்கா?"

"அவனேதான்" என்றேன்.