துவாரகனின் முழங்கால்

என்றும் என் அன்புக்குரிய ‘இஞ்சாருங்கோ’வுக்கு,

வேறு எப்படி உங்களைக் கூப்பிடுவது? இருந்த காலத்திலேயே உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இனிமேலா சொல்லப்போகிறேன்?

உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. வழக்கப்படி இங்குள்ள தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு நாலு வரி அழுகைக் கவிதை போடச் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை, உங்கள்மேல் கோபம்தான் வந்தது. ஆகவே கவிதையை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன். நம்மவர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் மகனைப் பற்றிய புதினம். துவாரகனின் பல்கலைக்கழக அணி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டது. நீங்கள் இருந்தபோது நீங்கள்தான் அவனோடு மைதானத்துக்குப் போவீர்கள். தலையில் கவசத்தைப் போட்டுக்கொண்டு கிடா மாதிரி முட்டுவதும் ஒரு விளையாட்டா என்று நான் இந்த நொர்வேயில், ரொம்மனில் இருக்கும் நம் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த ஒரு வருடமாக நான்தான் போகிறேன். குளிரில் நின்று நின்று அந்த அமெரிக்கன் புட்போலின் விதிகளெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

நம் மகன் அதில் ரன்னிங் பேக். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பந்தைக் கையில் வாங்கி நெஞ்சோடு அணைத்தபடி, எதிரே வருகிற தடியன்களுக்கு நடுவே சந்து பார்த்து ஓடுகிறவன். அடி முழுக்க அவனுக்குத்தான். அதனால் அவனுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு மூன்று பேர் தயாராக இருக்க வேண்டும். அணியின் பலமே அந்தப் பின்வரிசையில் இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள்.

இந்த முறை பின்வரிசை வெறிச்சோடிப்போனது. இரண்டாவதாக இருந்த ஹென்ரிக் தோள் எலும்பு முறிந்து கையைக் கட்டிக்கொண்டு திரிகிறான். மூன்றாமவன் ஸ்தவாங்கர் நகரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மிச்சம் இருந்தது கார்த்திக் மட்டும். கோயம்புத்தூரிலிருந்து மேற்படிப்புக்கு வந்த பிள்ளை, இந்த வசந்தத்தில்தான் அணியில் சேர்ந்தான். பயிற்சியில் ஓடுவான், ஆனால் ஆட்டத்தில் ஒருநாளும் பந்து அவன் கைக்குப் போனதில்லை.

திதிப்படி திவசம் வெள்ளிக்கிழமை வந்தது. இறுதி ஆட்டம் சனிக்கிழமை. ‘அப்பாவின்ரை காரியத்தை முடிச்சிட்டு விளையாடப் போறன்’ என்று துவாரகன் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஐயர் வந்தார். உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைத்தேன், கோபம் இருந்தாலும். துவாரகன் வேட்டி கட்டி, விரலில் தர்ப்பை போட்டுக்கொண்டு ஐயருக்கு எதிரே இருந்தான். இருந்தவன் வலது காலை நீட்டிக்கொண்டு இருந்தான். பாதம் நேரே உங்கள் படத்தைப் பார்த்தது.

எனக்குச் சுருக்கென்றது. சுற்றி இனசனம் முழுக்க இருக்கிறது. ‘துவா, காலை மடக்கு. அப்பாக்கு நேர நீட்டிக்கொண்டு இருக்கிறாய்’ என்றேன். ஐயரும் ‘சம்மணம் போட்டு இரும் தம்பி’ என்றார். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் காலைப் பிடித்து மடக்கினான்.

எள்ளும் தண்ணீரும் விட்டான், பிண்டம் வைத்தான், சொன்ன மந்திரத்தையெல்லாம் திருப்பிச் சொன்னான். நெற்றியிலிருந்து வியர்வை வடிந்து வேட்டியில் விழுந்தது. உங்களை நினைத்து உருகுகிறான் என்று நினைத்தேன். நானும் ஒரு தாயா?

முடிந்ததும் எழும்பச் சொன்னார் ஐயர். எழும்ப முடியவில்லை. மடக்கிய முழங்கால் மடக்கியபடியே பூட்டிக்கொண்டது. திவசத்துக்கு வந்திருந்த கார்த்திக்தான் ஓடிவந்து தூக்கினான். அவன் காலை மெல்ல அசைத்து அசைத்துப் பார்க்க, உள்ளே ஏதோ ‘டக்’ என்றது. கால் நீண்டது. ‘மரத்துப்போச்சு’ என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தான் துவாரகன். சனம் நம்பியது. பசி வேளை, எதையும் நம்பும்.

சாப்பாடு முடிந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது கார்த்திக் வந்து பக்கத்தில் நின்றான்.

“ஆன்ட்டி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. போன மேட்ச்லயே அவனுக்கு முட்டி போயிடுச்சு. ஃபிசியோ பாத்துட்டு, ஸ்கேன் எடுக்காம ஆடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கோச்சுக்கு அது தெரியாது.”

“அப்ப நாளைக்கு நீங்கள் ஓடுவியளோ, தம்பி?”

“ஊர்ல கபடி ஆடியிருக்கேன் ஆன்ட்டி. தப்பிச்சு ஓட நல்லாவே வரும். கையில பந்து இருந்தாத்தான் பயமா இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு துவாரகனின் அறைக்குப் போனேன். முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் போர்வையை இழுத்தான். நேரடியாகக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

“அம்மா, பின்னால ஆளில்லை. கார்த்திக் பந்தை விழுத்திப்போடுவான். நாளைக்கு ஒருநாள் மட்டும்தான். இறுக்கிக் கட்டினால் நேர ஓடலாம்.”

அந்த வசனத்தைக் கேட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு ஏன் என்று தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

போன வருடம் அந்த ஞாயிறு காலை நீங்கள் பஸ் ஓட்டப் புறப்பட்டபோது முகம் சரியில்லை. நெஞ்செரிவு என்று வாயுக் குளிசை போட்டீர்கள். ‘போகாதேங்கோ’ என்றேன். ‘விக்கார் கிடைக்கேல்லையாம். எனக்குப் பின்னால ஆளில்லை. இந்த ஒரு ஷிஃப்ட் மட்டும்தான்’ என்றீர்கள். விக்கார் என்றால் இந்த நாட்டில் பதிலாள். இடது கை நோகிறது என்று அவர்களுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது உங்களை ஓட்ட விட்டிருப்பார்களா? பயணிகளையெல்லாம் பத்திரமாக இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தீர்கள். அடுத்த நாள் அந்த வழியில் பஸ் நேரத்துக்கு ஓடியது. ஆள் கிடைத்துவிட்டது.

விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? உங்கள் பிடிவாதம் அப்படியே அவன் முகத்தில் இருந்தது.

“நீயே கோச்சுக்குச் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுவன்” என்றேன்.

“இது என்ரை கால், அம்மா. நீங்கள் சொன்னீங்கள் எண்டால், நான் உங்களோட கதைக்கமாட்டன்.”

அவன் சொன்னதும் நியாயம்தானே? இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. கால் அவனுடையது. நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடு என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சனிக்கிழமை அவன் முந்திப் போய்விட்டான். நான் மெற்றோவில் போகும்போதும் முடிவெடுக்கவில்லை. அவனுக்குத் தகப்பனும் இல்லை, கூடப்பிறந்ததும் இல்லை. என்னோடு கதைக்க இந்த வீட்டில் இருப்பது அவன் ஒருவன்தான். அவனும் வாயை மூடிக்கொண்டால் நான் சுவரோடா கதைப்பது? ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கித் திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன்.

மைதானத்தில் அவன் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். நேரே ஓடினான், நேரே திரும்பி வந்தான். வளைந்து ஓடவே இல்லை. அதை அங்கே நின்ற யாரும் கவனிக்கவில்லை. தூரத்தில் நின்ற என்னைக் கண்டு தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம் என்று.

நான் மைதானத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போனேன். பயிற்றுநர் மோர்த்தனிடம் எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் சொன்னேன். அவருக்கு விளங்க இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் துவாரகனைக் கூப்பிட்டார். “குந்தி எழும்பு” என்றார்.

பாதிவரை குந்தினான். அதற்குமேல் கால் மடியவில்லை. முழு அணியும் பார்த்துக்கொண்டிருந்தது. மோர்த்தன் அவன் கையிலிருந்த தலைக்கவசத்தை எடுத்து, ஆட்டக்காரர் இருக்கும் வாங்கின் கீழே வைத்துவிட்டு, கார்த்திக்கின் பெயரைச் சொன்னார்.

துவாரகன் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுத மாட்டேன். அது எனக்குரியது.

கார்த்திக் முதல் முறை பந்து வாங்கியதுமே நழுவவிட்டான். எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு ஓடினான். என் பக்கத்தில் நின்ற சனமெல்லாம் ஐயோ என்றது. இதற்குத்தானா பிள்ளையைக் காட்டிக்கொடுத்தேன்? இரண்டாம் முறை பந்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே விழுந்தான். மூன்றாம் முறை ஒற்றைக் காலில் நின்றபடி துவாரகன் கத்தினான்: “கார்த்திக், இடப்பக்கம் போ, இடப்பக்கம்.” தமிழில். எதிரணிக்கு விளங்காது அல்லவா. கார்த்திக் இடப்பக்கம் வளைந்து, குனிந்து, ஒருவன் கைக்கு அடியால் புகுந்து போய்விட்டான்.

அதன்பிறகு முழு ஆட்டமும் இவன் கத்த, அவன் ஓட.

தோற்றுப்போனோம். கொஞ்சத்தில்தான், ஆனால் தோல்வி தோல்விதான். துவாரகன் விளையாடியிருந்தால் வென்றிருப்பார்களா? யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் அதை நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்து மடிந்து கிடக்கிறதாம். சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். சனிக்கிழமை ஓடியிருந்தால் முழுதாகப் போயிருக்கும்தானே என்று டொக்டரைக் கேட்டேன். ஓம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்றார். மடக்கி இருந்ததால் கூடியதா என்றும் கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். பழையபடி ஓடுவானா என்பதற்கும் அவரிடம் உறுதியான பதில் இல்லை. நான் செய்தது சரி என்று எழுதித்தர இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை.

உள்ளே போனபோது டொக்டர் என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டிருந்தார். “என் அம்மா” என்றான் துவாரகன். அவருக்குத்தான் சொன்னான். இந்தக் கிழமை முழுவதும் அவன் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்தது அந்த ஒன்றுதான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், உங்கள் பிள்ளையல்லவா. இன்று காலையும் சமையலறைக்கு வந்தான். தேத்தண்ணியை எடுத்தான். வாசலில் நின்ற என்னைத் தாண்டி, நொண்டி நொண்டி, ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போனான். நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபமாகப் போகிறான். போகட்டும். நடந்து போகிறான்.

பதில் சொல்லாத ஒருவரோடு கதைத்து எனக்கு ஒரு வருடப் பழக்கம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: இவனோடும் கதைத்துக்கொண்டே இருப்பேன், காலையும் மாலையும், கேட்கிறானோ இல்லையோ. உங்களைப் போல இல்லை, இவன் ஒருநாள் திரும்பிப் பார்த்து வாய் திறப்பான்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனுசி,
துவாரகனின் அம்மா